கடலுக்கு அடியில் 7 பேர்! பகை நாட்டார் பறந்து வந்து மீட்டார்கள்!

சென்னை சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். கால் வைக்க இடம் இருக்காது. வஞ்சிரம், வவ்வால், சங்கரா, நெத்திலி, இறால் என்று மீன்கள் குவிந்து கிடக்கும். "கொஞ்சம் குறைத்துக் கொடு அம்மா" என்று ஒரு குரல். "காலையில் வந்த மீன் ஐயா! செவுளைப் பாருங்கள்" என்று ஒரு பதில்.

அத்தனை மீனும் வலையில் விழுந்தவை. மெல்லிய நூல்தான். ஆனால் அதில் சிக்கிய மீன் தப்ப முடியாது. துள்ளத் துள்ள, வலை இன்னும் இறுகும்.

சிந்தாதிரிப்பேட்டைக்கு நூலின் அருமை தெரியும். 1734-ம் ஆண்டு, கூவம் ஆறு வளைந்து போகும் இடத்தில், நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை அது. "சின்னத் தறிப் பேட்டை" என்பதே நாளடைவில் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்று சொல்வார்கள்.

மீன் பிடிக்கும் வலையில் ஒரு முறை மீனுக்குப் பதில் மனிதர்கள் சிக்கிக்கொண்டார்கள். ஒருவர் அல்ல, இருவர் அல்ல. 7 பேர்! அதுவும் கடலுக்கு அடியில்!

எவ்வளவு ஆழம்?

அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டிடம் இருக்கிறது. 14 மாடி. 177 அடி உயரம். அதைப்போல மூன்றரைக் கட்டிடங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். அவ்வளவு ஆழம்! அதாவது 190 மீட்டர்.

அவர்களை யார் காப்பாற்றினார்கள்?

கதையில் வரும் வீரர்கள்

சித்திரக் கதைகளில் இதெல்லாம் எளிது. கெட்டவன் ஒருவன் கடலுக்கு அடியில் ஆட்களைச் சிறை வைப்பான். அவர்களை மீட்க வீரர்கள் பாய்ந்து வருவார்கள். 1972-ம் ஆண்டு சிவகாசியில் இருந்து வெளிவந்த "இரும்புக்கை மாயாவி"யைப் படித்து வளர்ந்த சிறுவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் மாயாவி மறைந்துவிடுவான். இரும்புக் கை மட்டும் தெரியும்!

சில கதைகளில் இரண்டு வீரர் படைகள் வரும். "நான்தான் மீட்பேன்" என்று இது சொல்லும். "நீ யார் கேட்பதற்கு?" என்று அது சொல்லும். இரண்டும் மோதிக்கொள்ளும். படிக்கிறவனுக்கு உற்சாகம்! கடைசிப் பக்கத்தில் எல்லோரும் பிழைத்துவிடுவார்கள்.

உண்மையில் அப்படி நடந்தால்? இரண்டு படைகள் மேலே வாதாடிக்கொண்டு இருந்தால், கீழே இருக்கிறவர்கள் கதி என்ன?

அப்படியும் ஒரு தடவை நடந்தது. அதை முதலில் பார்க்க வேண்டும். அது தெரிந்தால்தான் வலையில் சிக்கிய 7 பேரின் கதை விளங்கும்.

2 நிமிடத்தில் 2 வெடி

2000-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ந் தேதி. சனிக்கிழமை. ரஷியாவுக்கு வடக்கே உள்ள பாரன்ட்ஸ் கடலில், ரஷியக் கடற்படை போர்ப் பயிற்சி நடத்திக்கொண்டு இருந்தது. அதில் கலந்துகொண்டது "கர்ஸ்க்" என்ற நீர்மூழ்கிக் கப்பல். 154 மீட்டர் நீளம். அணுசக்தியால் ஓடுவது. "இதை யாராலும் மூழ்கடிக்க முடியாது" என்று மாலுமிகள் பெருமையாகப் பேசிக்கொண்ட கப்பல். உள்ளே 118 பேர் இருந்தார்கள்.

முற்பகல் 11½ மணி அளவில், முன்பகுதியில் இருந்த ஒரு குண்டில் எரிபொருள் கசிந்து வெடித்தது. 2 நிமிடம் 15 வினாடி கழித்து மற்றொரு வெடி! இது பயங்கரமான வெடி. நார்வே நாட்டில், பூமி அதிர்ச்சியை அளக்கும் கருவிகள் அதைப் பதிவு செய்தன. கர்ஸ்க் 108 மீட்டர் ஆழத்தில் தரை தட்டியது.

பெரும்பாலானவர்கள் அந்த வினாடியே மாண்டார்கள். ஆனால் பின்பகுதியில் 23 பேர் உயிரோடு இருந்தார்கள்!

இருட்டில் ஒரு கடிதம்

அந்த 23 பேரும் கடைசி அறையான 9-வது அறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேதான் வெளியேறும் கதவு இருந்தது. அவர்களில் ஒருவர் திமித்ரி கோலஸ்னிகோவ். 27 வயது அதிகாரி. அவர் ஒரு தாளை எடுத்தார். உயிரோடு இருக்கிறவர்களின் பெயரை எழுதினார். மனைவிக்கும் சில வரிகள் எழுதினார். விளக்கு இல்லை. இருட்டில் தடவித் தடவி எழுதினார்.

அந்தக் கடிதம் பிறகு அவருடைய சட்டைப் பையில் கிடைத்தது. அதற்கு முன், அப்படி 23 பேர் உள்ளே இருந்தார்கள் என்பது உலகத்துக்குத் தெரியாது.

"நாங்களே பார்த்துக்கொள்கிறோம்"

விபத்துச் செய்தி வெளியே வர 2 நாள் ஆயிற்று. இங்கிலாந்து, "எங்களிடம் மீட்புக் கலம் இருக்கிறது. அனுப்புகிறோம்" என்றது. நார்வே, "எங்களிடம் ஆழ்கடலில் இறங்கும் முக்குளிப்போர் இருக்கிறார்கள். அனுப்புகிறோம்" என்றது.

ரஷியா உடனே சம்மதிக்கவில்லை. "எங்கள் படையே போதும்" என்று எண்ணியது. பல ஆண்டுகளாக எதிர் எதிராக நின்ற நாடுகள்! ஒருவர் கப்பலை ஒருவர் வேவு பார்த்தவர்கள். தங்கள் அணுக் கப்பலின் அருகே அவர்களை எப்படி விடுவது? "வெளிநாட்டு நீர்மூழ்கிக் கப்பல் வந்து மோதியதால்தான் இது நடந்தது" என்று கூட ரஷியத் தளபதிகள் சொன்னார்கள். விசாரணையில் அது மெய்ப்படவில்லை.

ரஷிய மீட்புக் கலங்கள் இறங்கின. கர்ஸ்க் கப்பலின் கதவோடு ஒட்டிக்கொள்ள முயன்றன. முடியவில்லை. மறுபடியும் இறங்கின. மறுபடியும் தோல்வி. கரையில் தாய்மார்களும் மனைவிமார்களும் கதறினார்கள்.

16-ந் தேதிதான் ரஷியா வெளிநாட்டு உதவியை ஏற்றது. கப்பல்கள் கடலைக் கடந்து வந்து சேர மேலும் 3 நாள் ஆயிற்று. நார்வே முக்குளிப்போர் 20-ந் தேதி இறங்கினார்கள். மறுநாளே கதவைத் திறந்துவிட்டார்கள்!

உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தது. 118 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

"கதவு சேதமாகி இருக்கிறது, நீரோட்டம் கடுமையாக இருக்கிறது என்றெல்லாம் எங்களுக்குத் தவறான தகவல் தந்தார்கள்" என்று நார்வே கடற்படைத் தளபதி ஐனார் ஸ்கோர்கன் பிறகு குறை கூறினார்.

உடனே கூப்பிட்டிருந்தால் அந்த 23 பேரும் பிழைத்திருப்பார்களா? "அவர்கள் சில மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இல்லை" என்று ரஷிய அரசின் விசாரணை சொன்னது. காற்றைச் சுத்தம் செய்யும் இரசாயனப் பொருள், எண்ணெய் படிந்த தண்ணீரில் பட்டுத் தீப்பிடித்தது. அந்தத் தீ, மிச்சம் இருந்த பிராணவாயுவைக் குடித்துவிட்டது. இதுவே விசாரணையின் முடிவு.

அப்படியே இருக்கட்டும். ஆனால் 16-ந் தேதி வரை "வேண்டாம்" என்று சொன்னவர்களுக்கு அது தெரியாது. உள்ளே ஆள் இருக்கலாம் என்று நம்பித்தான் அவர்களும் தேடிக்கொண்டு இருந்தார்கள். அந்த நாட்களை இழந்ததைத்தான் மாண்டவர்களின் குடும்பத்தாரால் மன்னிக்க முடியவில்லை.

மீட்கப் போகும் கலமே சிக்கியது

5 ஆண்டுகள் சென்றன. 2005-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி. இடம் ரஷியாவின் கிழக்குக் கோடியான கம்சட்கா. அங்கே கடலில் "ஏ.எஸ்.-28" என்ற சிறிய நீர்மூழ்கிக் கலம் இறங்கியது. 13½ மீட்டர் நீளம். ஒரு பஸ்ஸைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே 7 பேர். தலைவர் வியாசஸ்லாவ் மிலாஷெவ்ஸ்கி. வயது 25.

வேடிக்கை என்ன தெரியுமா? மூழ்கிய கப்பல்களில் இருந்து ஆட்களை மீட்பதற்காகவே செய்யப்பட்ட கலம் அது! கர்ஸ்க் கப்பலை மீட்க முயன்றதும் இதே இனக் கலங்கள்தான். காப்பாற்றப் போகிறவனே கிணற்றில் விழுந்த கதை ஆயிற்று.

கடலடியில் ரஷியக் கடற்படை ஒரு பெரிய ஒலிக் கருவியை வைத்திருந்தது. எதிரி நாட்டு நீர்மூழ்கிகள் வந்தால், அந்தச் சத்தத்தைக் கேட்டு அறிவிக்கும் கருவி. அதன் கம்பிகளில் மீன் வலைகள் சிக்கிக் கிடந்தன. ஏ.எஸ்.-28 அதன் அருகே போயிற்று. கலத்தின் விசிறியில் வலை மாட்டியது. கம்பிகளும் பின்னிக்கொண்டன.

முன்னே போக முடியவில்லை. பின்னே போக முடியவில்லை. வலையில் விழுந்த வஞ்சிரம்போல் கலம் நின்றுவிட்டது!

கதவைத் திறந்து நீந்தி வரக்கூடாதா?

அந்த ஆழத்தில் கதவைத் திறப்பது எளிதல்ல. கடலில் 10 மீட்டர் இறங்கினால், காற்று நம் உடம்பை அழுத்தும் அளவு இன்னொரு மடங்கு கூடும். 190 மீட்டர் ஆழத்தில் அது 20 மடங்கு! சுண்டுவிரல் நகம் அளவுள்ள இடத்தில் 20 கிலோ எடை ஏற்றியதுபோல் இருக்கும். தண்ணீரோ உறைய வைக்கும் குளிர்.

ஆகவே உள்ளேயே காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? காற்று இருக்கும் வரை!

அசையாதே! பேசாதே!

அடைத்த அறையில் மனிதனைக் கொல்வது பிராணவாயு குறைவது மட்டும் அல்ல. அவனே வெளியே விடும் கரியமில வாயுவும் கொல்லும். அது பெருகப் பெருகத் தலை வலிக்கும். மயக்கம் வரும். பிறகு மூச்சு நின்றுவிடும். ஆகவே, கரியமில வாயுவை உறிஞ்சும் மருந்துப் பெட்டிகளை உள்ளே வைத்திருப்பார்கள். அவையும் சில நாளில் தீர்ந்துவிடும்.

ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்குகிறது. படுத்திருப்பவனுக்குக் கொஞ்சம் காற்றே போதும். ஆகவே 7 பேரும் படுத்துக்கொண்டார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விளக்கை அணைத்தார்கள். குளிர் எலும்பைத் துளைத்தது. கனத்த உடைகளைப் போட்டுக்கொண்டார்கள். தண்ணீரை மடக்கு மடக்காக அளந்து குடித்தார்கள்.

மேலே ரஷியக் கப்பல்கள் வந்தன. இரும்புக் கயிற்றை விட்டு, கலத்தைக் கம்பிகளோடு சேர்த்து இழுத்துப் பார்த்தார்கள். ஒலிக் கருவியை 60 டன் நங்கூரம் பிடித்துக்கொண்டு இருந்தது. கலம் விடுபடவில்லை.

கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த முறை கேட்டார்கள்!

இப்போது ரஷியா என்ன செய்யும்?

அங்கே இருந்ததோ இரகசியக் கருவி. எதிரியை ஒட்டுக் கேட்க வைத்த கருவி. அதன் அருகே அந்த எதிரியையே கூப்பிடுவதா? கூப்பிட்டால் இரகசியம் போகும். கூப்பிடாவிட்டால் 7 உயிர் போகும்.

கர்ஸ்க் கப்பலின் நினைவு யாருக்கும் மறையவில்லை. மறுநாளே, 5-ந் தேதி, ரஷியா உதவி கேட்டது. இங்கிலாந்தைக் கேட்டது. அமெரிக்காவைக் கேட்டது. ஜப்பானையும் கேட்டது.

மூன்று நாடுகளும் "இதோ வருகிறோம்" என்றன. ஜப்பானில் இருந்து கப்பல்கள் கிளம்பின. அமெரிக்காவில் இருந்து ஆழ்கடல் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு இராட்சத விமானம் கிளம்பியது. இங்கிலாந்தில் ஸ்காட்லாந்து விமான நிலையத்தில் இருந்து மற்றொரு விமானம் கிளம்பியது. உலகத்தின் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு!

கர்ஸ்க் விபத்துக்குப் பிறகு நாடுகள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தன. எங்கே நீர்மூழ்கி விபத்து நடந்தாலும், யாரிடம் எந்த மீட்புக் கருவி இருக்கிறது, எவ்வளவு நேரத்தில் கொண்டுபோகலாம் என்று சொல்வதற்காக 2003-ம் ஆண்டில் ஒரு பன்னாட்டு அலுவலகம் ஏற்பட்டது.

ஆள் இல்லாத வீரன்

இங்கிலாந்து விமானத்தில் வந்தது "ஸ்கார்ப்பியோ 45" என்ற இயந்திரம். ஸ்கார்ப்பியோ என்றால் தேள். பெயருக்கு ஏற்றபடி அதற்குக் கைகள் உண்டு. கண்ணுக்குப் பதில் காமிரா உண்டு. இரும்புக் கம்பியையும் நறுக்கும் கத்தரி உண்டு. உள்ளே ஆள் கிடையாது! மேலே கப்பலில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துக்கொண்டே அதை ஓட்டலாம். கயிறுபோன்ற ஒரு நீண்ட கம்பி வழியாக மின்சாரமும் கட்டளையும் கீழே போகும். மாயாவிக்கு ஒரு கைதான் இரும்பு. இதற்கு உடம்பு முழுவதும் இயந்திரம்!

இங்கிலாந்துக் குழுவுக்குத் தலைவர் கடற்படை அதிகாரி இயான் ரிச்சஸ். விமானம் இறங்கியதும் இயந்திரத்தை ரஷியக் கப்பலில் ஏற்றினார்கள். அமெரிக்க விமானமும் வந்து சேர்ந்தது.

"யார் முதலில் இறங்குவது?" என்று அங்கே சண்டை நடக்கவில்லை. இங்கிலாந்து இயந்திரம் தயார். அது முதலில் போகட்டும் என்று முடிவு ஆயிற்று. ரஷியக் கப்பல், இங்கிலாந்து இயந்திரம்! அமெரிக்க இயந்திரங்கள் துணைக்கு இருந்தன. பழைய எதிரிகள் ஒரே பக்கத்தில் நின்றார்கள்.

ஒவ்வொரு கம்பியாக...

ஆகஸ்டு 7-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. ஸ்கார்ப்பியோ கடலில் இறங்கியது. காமிராவில் முதலில் இருட்டு. பிறகு ஏ.எஸ்.-28 தெரிந்தது. சிலந்தி வலையில் அகப்பட்ட பூச்சிபோல் அது கிடந்தது.

ஸ்கார்ப்பியோ வெட்டத் தொடங்கியது. ஒரு கம்பி. பிறகு வலையின் ஒரு துண்டு. பிறகு இன்னொரு கம்பி. அவசரப்பட முடியாது. தவறான இடத்தில் வெட்டினால், கலம் புரண்டுவிடும். அல்லது அறுந்த வலை ஸ்கார்ப்பியோவையே பிடித்துக்கொள்ளும். உள்ளே இருந்த 7 பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. வெளியே யாரோ இருக்கிறார்கள்!

மணிக்கணக்காக வேலை நடந்தது. முடியப்போகும் நேரத்தில் இயந்திரத்தில் கோளாறு! ஸ்கார்ப்பியோவை மேலே கொண்டு வர வேண்டியதாயிற்று. கப்பலில் நின்றவர்கள் முகம் வெளுத்துவிட்டது. மறுபடியும் கீழே அனுப்பினார்கள். மிச்சம் இருந்த வலை அறுந்தது.

"தொட்டிகளில் காற்றை நிரப்பு" என்று கீழே சொல்லப்பட்டது. காற்று, தண்ணீரைத் தள்ளியது. கலம் லேசாயிற்று. அசைந்தது. மேலே எழுந்தது!

மாலை 4½ மணி அளவில் கடல்மேல் அது தலைகாட்டியது. கதவு திறந்தது. ஒருவர் வெளியே வந்தார். இன்னொருவர் வந்தார். எண்ணிப் பார்த்தார்கள். 7 பேர்! யாரும் தூக்கவில்லை. எல்லோரும் தாங்களாகவே ஏறி வந்தார்கள். 3 நாளுக்கு மேல் கடலடியில் இருந்தவர்கள்!

கம்சட்காவுக்கு வந்திருந்த ரஷியப் பாதுகாப்பு மந்திரி செர்கெய் இவானோவ், இங்கிலாந்துக் குழுவுக்கு நன்றி சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில் ரஷிய ஜனாதிபதி புதின் லண்டனுக்குப் போனபோது, மீட்டவர்களுக்குப் பதக்கம் அணிவித்தார்.

மீட்டவர் ஒரு காலத்தில் சிக்கியவர்

இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. அது இன்னும் அதிசயம்.

ஸ்கார்ப்பியோவை ஓட்டியவர்கள் "ரூமிக்" என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் ஆட்கள். அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் ராஜர் சாப்மன். கடலடியில் சிக்கியவன் படும் பாடு அவருக்கு நன்றாகத் தெரியும். எப்படி? அவரே சிக்கியவர்!

1973-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி. அயர்லாந்துக்கு அப்பால் அட்லாண்டிக் கடல். கடலடியில் டெலிபோன் கம்பி பதிக்கும் வேலை. "பைசிஸ் 3" என்ற சிறு கலத்தில் சாப்மனும், ராஜர் மாலின்சன் என்பவரும் இருந்தார்கள். சாப்மனுக்கு 28 வயது. மாலின்சனுக்கு 35 வயது. வேலை முடிந்து மேலே வந்தபோது, இழுவைக் கயிறு பின்பக்கத்து மூடியில் மாட்டி அதைப் பிடுங்கிவிட்டது. தண்ணீர் புகுந்தது. கலம் 480 மீட்டர் ஆழத்துக்குப் போய் விழுந்தது. 9 எல்.ஐ.சி. கட்டிடங்களின் உயரம்!

இருவரும் இருந்த இரும்பு உருண்டையின் குறுக்களவு 6 அடி. கையில் இருந்தது ஒரு ரொட்டித் துண்டும், ஒரு டப்பா எலுமிச்சைப் பானமும்தான். புறப்படுமுன் மாலின்சன் ஒரு காரியம் செய்திருந்தார். பாதி காலியாக இருந்த பிராணவாயுக் குழாயை எடுத்துவிட்டு, நிறைந்த குழாயை வைத்திருந்தார். அந்தச் சிறு கவனம் உயிர் காத்தது!

இருவரும் பேசுவதைக் குறைத்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சைகையால், "நன்றாக இருக்கிறேன்" என்று தெரிவித்தார்கள்.

மேலே இங்கிலாந்துக் கலம் வந்தது. கனடாக் கப்பல் வந்தது. அமெரிக்காவின் ஆளில்லா இயந்திரம் வந்தது. கயிறு அறுந்தது. கருவி பழுதாயிற்று. ஆனாலும் விடவில்லை. கடைசியில் இரண்டு கயிறுகளை மாட்டித் தூக்கினார்கள். செப்டம்பர் 1-ந் தேதி பகல் 1 மணிக்கு மேல் மூடி திறந்தது. 76 மணி நேரம் சிக்கி இருந்தார்கள். பிராணவாயு இன்னும் 12 நிமிடத்துக்குத்தான் மிச்சம் இருந்தது!

பிழைத்த சாப்மன் வீட்டில் உட்காரவில்லை. கடலடியில் சிக்கியவர்களை மீட்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டார். 32 ஆண்டு கழித்து, அவர் உண்டாக்கிய கம்பெனியின் ஆட்கள் 7 ரஷியர்களுக்கு உயிர் கொடுத்தார்கள். 2020-ம் ஆண்டு அவர் காலமானார்.

இந்தியாவிடம் என்ன இருக்கிறது?

இந்தியக் கடற்படையிலும் நீர்மூழ்கிக் கப்பல்கள் உண்டு. அவற்றில் நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆபத்து வந்தால்?

2018-ம் ஆண்டு டிசம்பரில், மும்பையில் ஒரு மீட்புக் கலம் கடற்படையில் சேர்ந்தது. 650 மீட்டர் ஆழம் வரை போகும். ஒரு நடைக்கு 14 பேரை ஏற்றிக்கொண்டு வரும். கிழக்குக் கடலுக்காக மற்றொரு கலம் விசாகப்பட்டினத்துக்கு வந்தது. இவற்றைச் செய்து கொடுத்தது யார் தெரியுமா? சாப்மனின் ரூமிக் கம்பெனியை வாங்கிய ஜேம்ஸ் பிஷர் நிறுவனத்தார்தான்! 2025-ம் ஆண்டு ஜூலையில், மீட்புக் கலத்துக்குத் தாய்க் கப்பலாக "நிஸ்தார்" விசாகப்பட்டினத்தில் சேர்க்கப்பட்டது. அது இந்தியாவிலேயே கட்டிய கப்பல்.

2021-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி, இந்தோனேசியாவின் "நங்காலா" நீர்மூழ்கி 53 பேரோடு காணாமல் போயிற்று. மறுநாளே விசாகப்பட்டினத்தில் இருந்து இந்திய மீட்புக் கலம் புறப்பட்டது. ஆனால் பயன் இல்லை. நங்காலா 800 மீட்டருக்கும் கீழே போய் உடைந்து கிடந்தது. 53 பேரும் மாண்டார்கள். எல்லாக் கதையும் சுபமாக முடிவதில்லை. ஆனாலும் "போ" என்று சொல்ல ஒரு நாளுக்கு மேல் ஆகவில்லை.

சென்னையில் செய்யும் கலம்

சிந்தாதிரிப்பேட்டையில் இருந்து பள்ளிக்கரணை அதிக தூரம் இல்லை. அங்கே தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. "மத்ஸ்யா 6000" என்ற கலத்தை உருவாக்குவது இந்தக் கழகம்தான். மத்ஸ்யா என்றால் மீன். 3 பேரை ஏற்றிக்கொண்டு 6,000 மீட்டர் ஆழம் வரை போக வேண்டும் என்பது திட்டம். 2025-ம் ஆண்டு தொடக்கத்தில், சென்னைக்கு அருகே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள்.

மத்ஸ்யா கடலடியில் வேலை செய்வது 12 மணி நேரம். ஆனால் 96 மணி நேரத்துக்கு உயிர் காக்கும் ஏற்பாடு அதில் உண்டு. எதற்கு இத்தனை நேரம்? சிக்கிக்கொண்டால், உதவி வந்து சேரும் வரை உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? பைசிஸும் ஏ.எஸ்.-28-ம் சொல்லிக் கொடுத்த பாடம் இது.

காற்றை 96 மணி நேரத்துக்குச் சேர்த்து வைக்கலாம். அதற்குள் வந்து சேர ஆள் வேண்டும். அதற்கு மேலே இருக்கிறவர்கள் கூப்பிட வேண்டும். கர்ஸ்க் விபத்தில் அழைப்பு 4 நாள் பிந்திற்று. கம்சட்காவில் மறுநாளே போயிற்று.

அந்த 7 வீடுகளில்

கதைப் புத்தகத்தில் யார் பெரியவன் என்று மோதிப் பார்க்கலாம். கடைசிப் பக்கம் எப்படியும் வரும். கடலடியில் கிடப்பவனுக்கு, வருகிறவன் எந்தக் கொடியின் கீழ் வருகிறான் என்பது பெரிதல்ல. கத்தரி வந்ததா, வலை அறுந்ததா என்பதுதான் பெரிது.

எதிரியின் சத்தத்தைக் கேட்பதற்காக ரஷியா கடலடியில் கம்பி போட்டது. அந்தக் கம்பியில் சிக்கியது ரஷியப் பிள்ளைகள். அதை அறுத்துவிட்டது இங்கிலாந்துக்காரர்கள். அன்று 7 வீடுகளில் விளக்கு எரிந்தது.

சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கும்போது, கூடையின் ஓரத்தில் அறுந்த வலைத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டு இருந்தால், குழந்தைகளிடம் எடுத்துக் காட்டுங்கள். "இதைப்போன்ற நூலில்தான் 7 பேர் சிக்கினார்கள். யாரைக் கூப்பிடுவது என்று வெட்கப்படாமல் கூப்பிட்டதால் பிழைத்தார்கள்" என்று சொல்லுங்கள்.